ரங்கூன் கடையை வீடியோ கேம் ஆக்குவது எப்படி: வரலாறும் கெடாமல், ஆடுகிறவரும் தூங்காமல்

காரைக்குடியில் உட்கார்ந்து ஒரு வியூக வீடியோ கேம் செய்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "ராஜேந்திர சோழனா?" என்பதுதான். இல்லை. என் கேமில் யானைப்படை கிடையாது, கப்பற்படை கிடையாது. 1920-களின் கடைசியில் பர்மாவின் ரங்கூனில் ஒரு நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வட்டிக்கடையை நடத்தும் ஏஜெண்டின் கதை அது. கையில் ஒரு பேரேடு, முன்னால் ஒரு கைப்பெட்டி, கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு முதலாளி. அவ்வளவுதான் ஆயுதம்.

இதை இரண்டு முறை செய்து கெடுத்திருக்கிறேன். முதல் மாதிரியில் எல்லாம் அசல்படியே இருந்தது. பற்று, வரவு, குறிப்பு, பேரேடு, மாதக் கடைசியில் ஐந்தொகை என்ற இருப்புநிலைக் கணக்கு. ஆடிப் பார்க்கச் சொன்ன நண்பன் ஏழாவது மாதம் தூங்கிப்போனான். கேமில் ஏழாவது மாதம். நிஜத்தில் இருபதாவது நிமிடம். கோபத்தில் இரண்டாவது மாதிரியில் கொள்ளைக்காரர்களைக் கொண்டுவந்தேன். எதிர்க்கடைக்குத் தீ வைக்கலாம், அடியாட்களை அமர்த்தலாம். அதே நண்பன் நள்ளிரவு தாண்டியும் ஆடினான். முடித்துவிட்டு ஒன்று சொன்னான்: "ரங்கூன்னு போட்டிருக்கிற இடத்துல சிகாகோன்னு போட்டாலும் ஒண்ணும் மாறாதுடா."

அந்த ஒரு வாக்கியத்தை இப்போதும் சோதனையாக வைத்திருக்கிறேன். ஊர்ப் பெயரை மாற்றினால் கேமில் எதுவும் உடையவில்லை என்றால், அதில் வரலாறு இல்லை, வரலாற்று வேஷம்தான் இருக்கிறது. மூன்றாவது மாதிரியை எப்படிக் கட்டினேன் என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். நீங்கள் செய்வது பாண்டியர் கேமாக இருக்கலாம், மதராஸ் துறைமுக கேமாக இருக்கலாம். வழி பெரிதாக மாறாது.

படி 1: ஆடுகிறவர் எங்கே உட்காருகிறார்?

"செட்டிநாட்டு வரலாறு" என்று தொடங்கினால் முடியாது. ஒன்பது நகரக் கோயில்கள், பர்மா, இலங்கை, மலேயா, சைகோன் என்று வரைபடம் விரிந்துகொண்டே போகும். ஒரு ஆள், ஓர் இடம், ஒரு கால அளவு என்று சுருக்குங்கள்.

எனக்குக் கால அளவைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. அந்தத் தொழிலிலேயே அது இருந்தது. கடைக்கு ஏஜெண்டாகப் போகிறவர் பெரும்பாலும் மூன்று வருடக் கணக்குக்குப் போவார். குடும்பம் ஊரில் இருக்கும். மூன்று வருடம் முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டுத் திரும்புவார். சம்பளம் உண்டு, லாபத்தில் ஒரு பங்கும் உண்டு. மூன்று வருடம் என்றால் முப்பத்தாறு மாதம். மாதம் ஒரு முறை முடிவெடுக்கும் கேமுக்கு முப்பத்தாறு சுற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். இப்படி அந்தக் காலத்திலேயே ஓர் இயல்பான அளவு இருந்தால் உடனே பிடித்துக்கொள்ளுங்கள். நாமாக ஒன்றைக் கற்பித்தால் அது ஒட்டவைத்த மாதிரியே இருக்கும்.

முதலில் ஆடுகிறவரை முதலாளி ஆக்கியிருந்தேன். அதுதான் பெரிய தவறு. கானாடுகாத்தானில் உட்கார்ந்திருக்கும் முதலாளிக்குத் தினமும் முடிவெடுக்க ஒன்றும் இல்லை; கடிதத்துக்குக் காத்திருப்பதுதான் வேலை. ஏஜெண்டு அப்படியில்லை. அடுத்தவர் பணம், தன் பெயர், நாள்தோறும் வாசலில் கடன் கேட்டு ஆள். நெருக்கடி எந்த ஆளின் தலையில் விழுகிறதோ அவருடைய இடத்தில்தான் ஆடுகிறவரை உட்காரவைக்க வேண்டும். ராஜாவை விடப் படைக்குச் சோறு சேர்க்கிறவனுக்கு முடிவுகள் அதிகம்.

படி 2: ஏட்டில் வினைச்சொற்களைத் தேடுங்கள்

ஆராய்ச்சி செய்கிறேன் என்று எல்லோரும் பெயர்களையும் தேதிகளையும்தான் சேர்க்கிறோம். கேமுக்கு அது அப்புறம். முதலில் வேண்டியது, அந்த ஆள் என்ன *செய்தார்* என்பது. கொடுத்தார், வசூலித்தார், தவணை (குறித்த காலத்துக்கு வைக்கும் வைப்புப் பணம்) வாங்கினார், உண்டியல் (பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டு) எழுதினார், தந்தி அடித்தார், அடமானம் பிடித்தார், மகமை (தர்மத்துக்கு ஒதுக்கும் பங்கு) எடுத்துவைத்தார். ஒவ்வொரு வினைச்சொல்லும் திரையில் ஒரு பொத்தானாக வர வாய்ப்பிருக்கிறது.

பிறகு அவற்றில் எது எதை இடிக்கிறது என்று பாருங்கள். நாகரிகங்களை வளர்க்கும் 'சிவிலைசேஷன்' கேமை 1991-ல் கொண்டுவந்த சிட் மெயர், கேம் என்பது சுவாரசியமான முடிவுகளின் தொடர் என்று சொன்னது பலருக்கும் தெரியும். சுவாரசியமான முடிவு என்றால் இரண்டு பக்கமும் இழுக்க வேண்டும். ஏஜெண்டுக்கு அது பெட்டியிலேயே இருக்கிறது. பணத்தைப் பெட்டியில் வைத்திருந்தால் வாங்கிய பணத்துக்கு வட்டி ஓடும். எல்லாவற்றையும் கடன் கொடுத்துவிட்டால், நாளைக்கு ஒருவர் தவணைப் பணத்தைத் திருப்பிக் கேட்டு வரும்போது கை காலியாக இருக்கும். கைவிரித்தால் கடைத்தெருவில் பெயர் கெடும். பெயர் கெட்டால் பக்கத்துக் கடை கைமாற்றுக் கொடுக்காது. இருதலைக்கொள்ளி எறும்பு. கொள்ளைக்காரன் எதற்கு?

பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு 1929–30-ல் நடத்திய விசாரணையின் அறிக்கையில், பர்மாவில் செட்டியார்களின் தொழிலில் சுமார் 75 கோடி ரூபாய் இருந்ததாக மதிப்பிட்டார்கள். இதைப் படித்ததும் ஆரம்பத் திரையில் பெரிய எழுத்தில் போட்டேன். யாரும் அசையவில்லை. 75 கோடியை வைத்து ஆடுகிறவர் ஒன்றும் செய்ய முடியாது. அதே அறிக்கையில் எனக்குக் கேமாக உதவியது நடப்பு வட்டிதான். ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதாமாதம் கூடி, கடைகளுக்குள் பணம் கைமாறும் வட்டியை முடிவு செய்வார்கள். மாதம் ஒரு சுற்று, சுற்றின் தொடக்கத்தில் கோயில் கூட்டம், புது வட்டி. இதைவிட அழகாக ஒரு கேம் கடிகாரத்தை என்னால் யோசித்திருக்க முடியாது.

படி 3: மூன்று மூட்டை கட்டுங்கள்

சேர்த்த தகவல்களை மூன்றாகப் பிரியுங்கள். தூண், சுவர், சுண்ணாம்பு என்று நான் பெயர் வைத்திருக்கிறேன்.

தூண் என்றால், எடுத்தால் கேமே வேறாகிவிடும் விஷயம். அடுத்தவர் பணம், மூன்று வருடக் கணக்கு, நடப்பு வட்டி, நெல் அறுவடைப் பருவம், கடிதம் போய்ப் பதில் வர ஆகும் நாட்கள். இதில் கை வைக்கக் கூடாது. ஆடுகிறவர் எரிச்சல்பட்டாலும் சரி.

சுவரை இடித்து வேறு இடத்தில் கட்டலாம். நிஜத்தில் ஒரு கடைக்கு எத்தனையோ கடன்காரர்கள். கேமில் பன்னிரண்டு பேர் போதும். கடையில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், சமையல்காரர் என்று நால்வர். இதில் சமையல்காரரை விட்டுவிடச் சொன்னார்கள். நான் விடவில்லை. எங்கள் தாத்தா போனது அந்த வேலைக்குத்தான். சந்தைக்குக் காய் வாங்கப் போகிறவர் காதில்தான் ஊர்ச்செய்தி முதலில் விழும் என்று அவரை வதந்தி கொண்டுவரும் ஆளாக வைத்தேன். இதற்கு ஏட்டுச் சான்று கேட்டால் இல்லை. ஆனால் அப்படி நடந்திருக்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. சுவரில் எவ்வளவு தூரம் கற்பனை செய்யலாம் என்பதற்கு என் அளவுகோல் அதுதான்.

சுண்ணாம்பு, அலங்காரம். வேடிக்கை என்னவென்றால், வாசகர்களும் ஆடுகிறவர்களும் தப்புக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் இதில்தான். எங்கள் ஓவியர் 1928-ல் ஏஜெண்டு காரைக்குடியில் ரயில் ஏறுவதாக ஒரு தொடக்கக் காட்சி வரைந்தார். அருமையான படம். ஆனால் காரைக்குடிக்கு ரயில் வந்தது 1930 வாக்கில்தான். படத்தைப் பார்த்த ஐந்து பேரில் இரண்டு பேர் அதைத்தான் முதலில் சொன்னார்கள். வட்டிக் கணக்கில் நான் செய்திருந்த உண்மையான பிழையை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அதனால் சுண்ணாம்பை அலட்சியமாக விடாதீர்கள். அது விலை குறைவு, சரியாகச் செய்துவிடலாம். மாட்டுவண்டியாக மாற்ற அவருக்கு ஒரு மாலைதான் ஆயிற்று. பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு கலந்த பூச்சு, பெட்டகசாலை இதெல்லாம் ஊரில் நடந்து போனாலே பார்த்து வரையலாம்.

பெரிய கேம்களிலும் இந்தப் பிரிப்பைக் கவனிக்கலாம். 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'-க்கு 2022-ல் வந்த இந்திய விரிவாக்கத்தில் திராவிடர்கள் என்று ஒரு தரப்பு உண்டு. கப்பலும் காலாட்படையும் வலு, குதிரைப்படை சொத்தை. தென்னாட்டுக்கு நல்ல குதிரை கடல் வழியாக வெளியிலிருந்து வரவேண்டியிருந்தது என்ற உண்மையை இந்தச் சொத்தை தாங்கி நிற்கிறது. எல்லாத் தரப்புக்கும் எல்லாம் கொடுத்துச் சமப்படுத்தியிருந்தால் வரலாறும் போயிருக்கும், ஆடும் விதமும் ஒரே மாதிரி ஆகியிருக்கும். இல்லாமை ஒரு நல்ல வடிவமைப்புக் கருவி.

'டோட்டல் வார்: திரீ கிங்டம்ஸ்' 2019-ல் வேறு வழி பிடித்தது. ஒரே கேமில் இரண்டு முறைகள். ஒன்றில் தளபதிகள் காவிய நாயகர்கள் மாதிரி தனியாளாகப் படையையே அடித்துத் துவைப்பார்கள். மற்றதில் மெய்க்காப்பாளர்களோடு வரும் சாதாரண மனிதர்கள். சீனத்தில் அந்தக் காலத்துக்கு வரலாற்று ஏடும் உண்டு, பிறகு வந்த காவியமும் உண்டு என்பதால் அது பொருந்தியது. நம்மைப் போல் இரண்டு மூன்று பேர் செய்யும் கேமுக்கு இரண்டு முறை வைப்பது இரட்டை வேலை. வேண்டாம்.

படி 4: ஒரு கடனை மட்டும் எடுத்து முழுசாகக் கணக்குப் போடுங்கள்

முழு கேமையும் எழுதுவதற்கு முன் ஒரே ஒரு பரிவர்த்தனையைக் காகிதத்தில் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். என்னுடையது இது. எண்கள் கேமுக்காக நான் வைத்தவை.

கீழ் பர்மாவில் மழைக்காலத்தில் நடவு, டிசம்பர்–ஜனவரியில் அறுவடை. ஆகஸ்டில் ஒரு விவசாயி நிலத்தை ஈடு வைத்து 1,000 ரூபாய் வாங்குகிறார். வட்டி மாதம் நூற்றுக்கு ஒன்றேகால் ரூபாய். மாதத்துக்கு 12 ரூபாய் 8 அணா. ஜனவரிக்குள் ஐந்து மாதம், 62 ரூபாய் 8 அணா. திருப்ப வேண்டியது 1,062 ரூபாய் 8 அணா. அந்த 1,000 ரூபாயைக் கடை நடப்பு வட்டிக்கு வாங்கியிருக்கிறது, நூற்றுக்குப் பன்னிரண்டு அணா. ஆக ஏஜெண்டுக்கு மிஞ்சுவது நூற்றுக்கு எட்டணா. ஐந்து மாதத்துக்கு 25 ரூபாய். இதில்தான் கடை வாடகை, சாப்பாடு, சம்பளம், மகமை எல்லாம்.

விவசாயியின் நிலத்தில் 1,000 கூடை நெல் விளையும். நூறு கூடை 150 ரூபாய்க்குப் போனால் கடனை அடைக்க 709 கூடை போதும். வீட்டுக்கு 291 கூடை மிச்சம். அடுத்த வருடமும் அவர் உங்களிடம்தான் வருவார். விலை பாதியாகி 75 ரூபாய்க்கு வந்தால்? 1,417 கூடை வேண்டும். விளைந்ததே ஆயிரம்.

இந்த இரண்டு பத்தியைக் காகிதத்தில் போட்டபோதுதான் என் கேம் கையில் வந்தது. விலை பாதியானதும் என்ன செய்வது? அவகாசம் கொடுத்து அடுத்த வருடம் வரை பொறுக்கலாம். ஆனால் உங்கள் நடப்பு வட்டி பொறுக்காது. நிலத்தை எடுத்துக்கொள்ளலாம்; ஆனால் நிலத்தை உண்டியலில் போட முடியாது, வாங்கவும் ஆளில்லை, தீர்வையை நீங்கள் கட்ட வேண்டும். ஏட்டில் சொத்து ஏறும், பெட்டியில் காசு இறங்கும். நிஜத்திலும் இதுதான் நடந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1930-களின் முடிவில் சுமார் 25 சதவீதம். இந்த எண்ணை நான் கேமில் எங்கும் எழுதவில்லை. ஆடுகிறவர் தாமாகவே அங்கே போய்ச் சேருகிறார்.

ஒரு பரிவர்த்தனை இப்படித் தானாகவே இறுகினால், அதைப் பன்னிரண்டாகப் பெருக்குங்கள். இறுகவில்லை என்றால் தூண்களில் எதையோ விட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். வண்ணம், இசை, படம் எதுவும் அந்தக் குறையை மூடாது.

படி 5: அணா பைசாவை எவ்வளவு தூரம் விடுவது?

ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு பை. முதல் மாதிரியில் ஆடுகிறவரே கூட்டிக் கழிக்க வேண்டும். அதில்தான் நண்பன் தூங்கினான். இப்போது கணக்கை இயந்திரம் போடுகிறது. திரையில் அணா தெரியும். கூட்டல் என்பது உழைப்பு, முடிவல்ல. உழைப்பை இயந்திரத்திடம் கொடுங்கள், முடிவை ஆளிடம் விடுங்கள்.

ஒரு விலக்கு. மூன்றாம் வருடக் கடைசியில் முதலாளியிடம் கணக்கு ஒப்படைக்கும் சுற்றில் மட்டும் ஐந்தொகையை ஆடுகிறவரே சரிபார்க்க வேண்டும். எங்கோ நாலணா உதைக்கும். தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். தினமும் செய்தால் தண்டனை. ஒருமுறை செய்தால் நாடகம். என்ன காரணமோ, நிறையப் பேருக்குப் பிடித்த சுற்று அதுதான்.

வாய்ப்புக் கணக்கு பற்றியும் ஒரு சொல். கடன்காரரின் பக்கத்தில் "வராமல் போக வாய்ப்பு: 10 சதவீதம்" என்று போட்டிருந்தேன். பணம் வராதபோதெல்லாம் கேமில் பிழை என்று என்னைத் திட்டினார்கள். 2010-ல் கேம் வடிவமைப்பாளர்கள் மாநாட்டில் சிட் மெயர் பேசியபோது இதே தலைவலியைச் சொன்னார்: மூன்றுக்கு ஒன்று என்று தனக்குச் சாதகமாக இருக்கும் சண்டையில் தோற்றால் ஆடுகிறவர் ஒப்புக்கொள்வதே இல்லை. அவர்கள் பின்னணிக் கணக்கை ஆடுகிறவர் பக்கம் கொஞ்சம் சாய்த்தார்கள். எனக்கு அது மனசாகவில்லை. சதவீதத்தையே எடுத்துவிட்டு, "போன வருடம் பதினைந்து நாள் தாமதம், மாடு ஒன்று செத்தது, மைத்துனர் வேறு கடையிலும் வாங்கியிருக்கிறார்" என்று மூன்று வரி போட்டேன். ஒரு ஏஜெண்டு பார்த்தது அதைத்தான், சதவீதத்தை அல்ல. திட்டு நின்றது. வரலாற்றுக்கு நெருங்கினால் கேமும் சரியாகும் இடம் இப்படி ஒன்றிரண்டு எல்லா கேமிலும் இருக்கும்.

படி 6: ஆடுகிறவருக்கு 1930 தெரியும்

வரலாற்று கேமின் தீராத நோய் இது. உலகப் பொருளாதார மந்தம் வரும், நெல் விலை சரியும் என்று ஆடுகிறவருக்குத் தெரியும். 1929-ல் எல்லாக் கடனையும் வசூலித்துப் பெட்டியைப் பூட்டிவிட்டுச் சிரிப்பார். அன்றைக்கு ஏஜெண்டுக்கு அந்த அறிவு இல்லை.

மூன்று மருந்து போட்டுப் பார்த்தேன். தேதியைக் கலைப்பது முதலாவது: சரிவு 1928-லும் வரலாம், 1932-லும் வரலாம் என்று வைத்தேன். ஆடுவதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 1930 டிசம்பரில் கீழ் பர்மாவின் தாராவதியில் சாயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ச்சி தொடங்கியதும் நெல் விலைச் சரிவும் ஒன்றோடொன்று பின்னியவை. ஒன்றை நகர்த்தினால் மற்றது அந்தரத்தில் தொங்கியது. கைவிட்டேன்.

இரண்டாவது, தெரிந்தும் தப்ப முடியாதபடி வைப்பது. இது தானாகவே வந்தது, ஏனென்றால் பணம் உங்களுடையதில்லை. 1929-ல் கடன் கொடுப்பதை நிறுத்தினால் லாபம் குறையும். முதலாளியின் கடிதம் வரும்: "பக்கத்துக் கடைக்காரர்கள் இத்தனை அனுப்பியிருக்கிறார்கள், நம் கடையில் என்ன நடக்கிறது?" நீங்கள் என்ன பதில் எழுதுவீர்கள்? எதிர்காலம் தெரியும் என்று எழுத முடியாதே. லாபப் பங்கு போய்விடும், அடுத்த கணக்குக்கு உங்களை அனுப்ப மாட்டார்கள். எல்லாம் தெரிந்த ஆளும் அன்றைய ஏஜெண்டு மாதிரியே நடந்துகொள்கிறார்.

மூன்றாவது, செய்தி தாமதம். விலை மாறினால் ஊருக்குக் கடிதம் எழுதலாம், தாமதமாகும். தந்தி அடிக்கலாம், சொல்லுக்குச் சொல் காசு. கேமில் தந்திப் பெட்டி ஒன்று உண்டு. ஒவ்வொரு சொல்லைச் சேர்க்கும்போதும் பெட்டியில் அணா குறைவது கண்ணுக்குத் தெரியும். ஒருவர் நாலு சொல்லில் முதலாளியைச் சமாதானப்படுத்தினார். இன்னொருவர் ஒரு வார்த்தையை மிச்சம் பிடிக்கப் போய் "விற்க வேண்டாம்" என்பது "விற்க" என்று போய்ச் சேர்ந்தது. இதை நான் திட்டமிடவே இல்லை.

முடிவை மாற்ற அனுமதிப்பதா? நிஜத்தில் முடிவு தெரிந்ததே. 1937-ல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது, 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது, போருக்குப் பிறகு 1948-ல் நில தேசியமயச் சட்டம் வந்தது. இவற்றை ஒரு ஏஜெண்டு மாற்றினால் கேலிக்கூத்து. ஆனால் அவர் கடை என்ன ஆனது என்பது திறந்தே இருக்கலாம், ஏனென்றால் நிஜத்திலும் அது கடைக்குக் கடை வேறுபட்டது. சிலர் முழுகினார்கள். சிலர் பணத்தை வேறு பக்கம் திருப்பினார்கள். 1937 பிப்ரவரி 10-ல் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, மதராஸ், ரங்கூன் என்று மூன்று ஊரிலும் ஒரே நாளில் கதவைத் திறந்தது. உலகம் அசையாது, உங்கள் கடை அசையும். இந்தக் கோட்டை எங்கே போடுகிறீர்கள் என்பதை எழுதியே வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பாதியில் நீங்களே மீறுவீர்கள்.

படி 7: மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்

இந்தப் படியைத் தாண்டிப் போக எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஊரில் கதை ஒரு மாதிரி: நாம் பணம் போட்டோம், காட்டைக் கழனியாக்கினார்கள், கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தோம். பர்மியர் சொல்லும் கதை வேறு மாதிரி: கடன் கொடுத்தார்கள், நிலம் போய்விட்டது. எங்கள் தாத்தாவுக்கு இரண்டு கதையிலும் இடமில்லை. அவர் சோறு வடித்தார்.

சங்கடமானதை விட்டுவிட்டால் கேம் லேசாகும் என்று தோன்றும். 'அன்னோ 1800' பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொழில் நகரங்களையும் கடல் வணிகத்தையும் அழகாகக் காட்டியது, அடிமைமுறையை விட்டுவிட்டது. அதற்காக வந்த விமர்சனம் நியாயமானதே. ஆனால் திரையில் மன்னிப்புப் பத்தி எழுதுவதும் தீர்வல்ல. யாரும் படிக்க மாட்டார்கள், அடுத்த பொத்தானை அழுத்துவார்கள்.

நான் செய்தது சின்ன மாற்றம். பன்னிரண்டு கடன்காரர்களுக்கும் பெயரும் வீடும் கொடுத்தேன். நிலத்தை எடுத்துக்கொண்டால் அந்தப் பெயர் பட்டியலிலிருந்து மறையாது. அதே நிலத்தில் குத்தகைக்காரராக அடுத்த சுற்றில் வந்து நிற்பார், முன்பு உங்களை வரவேற்றுப் பேசியவர் இப்போது ஒரு வரியோடு நிறுத்துவார். புள்ளி குறையாது, தண்டனை கிடையாது. அவர் பேச்சு மட்டும் குறையும். ஆடுகிறவர்களில் சிலருக்கு இது உறைத்தது, சிலருக்கு இல்லை. அதை நான் கட்டாயப்படுத்தவில்லை. ஏஜெண்டை வில்லனாக்கியிருந்தால் ஆடுகிறவர் அவரிடமிருந்து விலகி நின்று தீர்ப்புச் சொல்லியிருப்பார்.

இந்தக் கரையில் ஊர் வீடும் உண்டு. மூன்று வருடம் கணவர் இல்லாமல் வளவை (வீட்டை) நடத்தும் ஆச்சிக்கு மாதம் ஒரு கடிதம். கல்யாணச் செலவு, ஊருணித் தூர், கோயில் வரி என்று அவரும் ஒரு கணக்கு நடத்துகிறார். இதைத் தனி கேமாகவே செய்யலாம், ஒருநாள் செய்வேன்.

படி 8: சொல்லை விளக்காதீர்கள், பழக்குங்கள்

நடப்பு, தவணை, உண்டியல், ஐந்தொகை, மகமை, விலாசம் (கடைப் பெயர்). முதல் திரையிலேயே அகராதி வைத்தால் ஆள் ஓடிவிடுவார். ஒரு சுற்றுக்கு ஒரு சொல் போதும். முதல் மாதம் 'பற்று', 'வரவு' மட்டும். நடப்பு வட்டி இரண்டாம் மாதக் கோயில் கூட்டத்தில் வருகிறது. பொத்தானில் அந்தச் சொல்லையே எழுதுங்கள். மூன்று முறை அழுத்தினால் தானாகப் படிந்துவிடும்.

தொழில்நுட்பத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. காசில்லாமல் கிடைக்கும் கோடோ மென்பொருளில் செய்வதாக இருந்தால் நான்காம் பதிப்புக்குப் போங்கள். பழைய மூன்றாம் பதிப்பில் தமிழ் எழுத்து ஒழுங்காகச் சேராது. கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கும். நான் 'கொடுத்தல்' என்ற பொத்தானோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டினேன்.

படி 9: இரண்டு வகை ஆட்களிடம் கொடுங்கள்

கேம் தெரிந்த, செட்டிநாடு தெரியாத ஒருவர். செட்டிநாடு தெரிந்த, கேம் தெரியாத ஒருவர். இருவரையும் ஒரே நாளில் உட்காரவைக்காதீர்கள், ஒருவர் பேச்சில் மற்றவர் அடங்கிவிடுவார். நீங்கள் பக்கத்தில் இருக்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் எல்லாப் படியிலும் கஷ்டமானது.

முதல் வகை ஆள் எங்கே வேகமாக அழுத்திக்கொண்டு போகிறார் என்று பாருங்கள். அங்கே முடிவு இல்லை, வெறும் வேலைதான் இருக்கிறது. அந்தத் திரையை வெட்டுங்கள். இரண்டாம் வகை ஆள் எங்கே நிறுத்தி உங்களைத் திரும்பிப் பார்க்கிறார் என்று பாருங்கள். அங்கே ஏதோ பொய் இருக்கிறது, அல்லது அவருக்கு எதுவோ ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் தெருவில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். மவுஸ் பிடிக்கவே பத்து நிமிடம் ஆயிற்று. "தம்பி, இதுல எங்கிட்டு அமுக்கணும்?" என்று நாலு தடவை கேட்டார். அப்புறம் கேட்கவில்லை. கேமில் 1931 பிப்ரவரி வரை போனார். பதினொரு நிலம் அவர் பெயருக்கு வந்திருந்தது, ஏட்டில் சொத்து மூன்று மடங்கு. திரையின் மேல் மூலையில் பெட்டி இருப்பு 41 ரூபாய் 6 அணா. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் தம்பி, அடுத்தாளுக்கு இந்த மாசச் சம்பளம் எதுலேருந்து குடுக்கிறது?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் தந்திப் பெட்டியைத் திறந்து, ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டத் தொடங்கினார்.